மூடியைத் திறந்து வைத்து எடுத்த ரீடிங்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்குள் மூன்று போன். மூன்றிலும் ஒரே பல்லவி. டிஸ்ப்ளேயில் 'சென்சார் எரர்' என்று வருகிறதாம்.

கோவை கணபதியில் எங்கள் ஷெட். நாங்கள் செய்வது சோலார் சார்ஜ் கன்ட்ரோலர். கூரையில் இருக்கும் பேனலுக்கும் கீழே இருக்கும் பேட்டரிக்கும் நடுவே சுவரில் மாட்டுகிற பெட்டி. பேட்டரிக்கு எத்தனை வோல்ட் ஊட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்யும். குளிரில் பேட்டரிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊட்ட வேண்டும், சூட்டில் குறைக்க வேண்டும். அதற்காகப் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய வயர் போகும். அதன் நுனியில் உள்ள சென்சாரைப் பேட்டரியோடு சேர்த்து இறுக்க வேண்டும். இறுக்குகிறார்களா? மாட்டப் போகிற ஃபிட்டர்கள் ஒன்று வயரை வெட்டி எறிகிறார்கள், இல்லையென்றால் சுருட்டி ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு வந்துவிடுகிறார்கள். தப்பிப் பிழைத்ததை எலி பார்த்துக்கொள்கிறது. திட்டு மட்டும் எனக்கு. டிசைன் செய்த பாவி நான்தானே.

வீட்டில் சிறுவாணித் தண்ணீர் பத்து நாளாக வரவில்லை. யசோதா அதற்கும் என்னைத்தான் முறைக்கிறாள்.

ஜூன் 11, புதன்

வயரே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். சென்சாரைப் பெட்டிக்குள், போர்டு மேலேயே வைத்து சால்டர் செய்துவிட்டால் போகிறது. பெட்டியும் பேட்டரியும் ஒரே அறையில்தான் இருக்கப்போகின்றன. இரண்டுக்கும் அதே காற்று, அதே சூடு. வெட்ட வயர் இல்லை, கடிக்க எலிக்கும் ஒன்றும் இல்லை. இது இத்தனை வருடம் தோன்றாமல் போனது எப்படி என்று எனக்கே ஆச்சரியம்.

முதலாளி தெய்வசிகாமணி அண்ணனிடம் வரைந்து காட்டினேன். "ஏனுங் தம்பி, இத்தன லேசா முடிஞ்சுபோச்சு?" என்றார். சாயங்காலம் ஷெட்டில் எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். நானும் மூன்று தின்றேன்.

ஜூன் 26, வியாழன்

மூன்று நாள் சோதனை முடிந்தது. அறை 28 டிகிரி, போர்டு சென்சார் 29. அறையை 32 ஆக்கினால் சென்சார் 33. அப்படியே ஒட்டிக்கொண்டு போகிறது. மீட்டரின் கிளிப்புகள் உள்ளே போக வேண்டும் என்பதால் மூடியைக் கழற்றி வைத்துத்தான் ரீடிங் எடுத்தேன். எப்போதும் அப்படித்தான்.

முடிந்த பெட்டிகளுக்கு மூடி போடுகிற சுலோச்சனா வந்து நின்றார். "சார், மூடி போட்டு ஓட்டுனா உள்ளுக்கு கொதிக்குதுங்க. கை வெக்க முடியறதில்லீங்க." பவர் போகிற இடம் சூடாகத்தான் செய்யும் அம்மா, நீங்கள் ஸ்குரூவை இறுக்குங்கள் என்றேன். பதினொரு வருடமாக இங்கே இருக்கிறார், நல்ல கை. அதற்காக டிசைனிலும் மூக்கை நுழைத்தால் எப்படி?

செப்டம்பர் 19, வெள்ளி

கொல்லிமலையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் நம் புதுப் பெட்டி ஏறிவிட்டது. நான்கு பேட்டரி, பிரசவ அறை விளக்கு, குழந்தைகளின் தடுப்பூசி மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜ். கரண்ட் அங்கே வந்தால் உண்டு. பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பக்கத்தில் நர்ஸ் நிற்க, போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். தவமணி என்று பெயராம். அந்த மலைக்காரப் பெண்ணேதானாம். ஷெட் சுவரில் ஒட்டச் சொன்னேன்.

இதுவரை 140 பெட்டி போயிருக்கிறது. ஒரு 'சென்சார் எரர்' போன்கூட இல்லை.

ஜனவரி 7, புதன்

புது டைரி. பழைய டைரியில் நவம்பருக்குப் பிறகு ஒன்றுமே எழுதவில்லை.

கொல்லிமலையிலிருந்து அறக்கட்டளைச் செயலாளர் பேசினார். நேற்று ஃப்ரிட்ஜ் நின்றுபோய், இருந்த தடுப்பூசி மருந்தையெல்லாம் கொட்ட வேண்டியதாகிவிட்டதாம். பேட்டரி நான்கும் செத்துவிட்டன என்கிறார். நாலே மாதத்தில் எப்படிச் சாகும்? பேட்டரிக் கம்பெனிக்காரனைத்தான் கேட்க வேண்டும். நாளை மறுநாள் நானே போகிறேன்.

ஜனவரி 9, வெள்ளி

எழுபது கொண்டை ஊசி வளைவு. நாற்பதாவதில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன்.

பேட்டரி அறை வடக்குப் பார்த்தது, வெயிலே விழுவதில்லை. பகல் பதினொன்றரைக்கும் 16 டிகிரிதான். ஒவ்வொரு பேட்டரியிலும் கண்ணாடிக் குழாயை விட்டு அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்தேன். 1250 இருக்க வேண்டிய இடத்தில் 1120. பச்சைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இப்படி ஆவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பேட்டரிக்கு வயிறு நிறைய சார்ஜே ஏறாமல் இருந்திருக்கலாம். அல்லது டிஸ்டில்டு வாட்டரை யாராவது அளவுக்கு மேல் ஊற்றி அமிலத்தை நீர்க்கச் செய்திருக்கலாம்.

தவமணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கேட்பதற்குமுன் ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். தேதி போட்டு, எந்தப் பேட்டரிக்கு எத்தனை மில்லி ஊற்றினார் என்று எழுதியிருக்கிறார். ஊசி போடுகிற சிரிஞ்சால் அளந்து ஊற்றுகிறாராம். 20 மில்லி, 15 மில்லி, 20 மில்லி.

சுவரில் இருந்த பெட்டியின் மேல் கையை வைத்தேன். சூடாக இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

செயலாளர், அவருடைய டிரைவர், வராந்தாவில் குழந்தையோடு இருந்த இரண்டு மூன்று பெண்கள், எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "என்ன காரணம்னு சொல்லுங்க சார்" என்றார் செயலாளர். தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றேன். யோசித்துச் சொன்னதாக நினைவில்லை. வாய் திறந்தது, அதுதான் வந்தது.

தவமணி, "நான் கோடு தாண்டி ஊத்தலீங்களே" என்றார். பிறகு நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டிவிட்டு, "ஊத்திட்டனோ என்னமோ" என்றார்.

ஜனவரி 10, சனி

அறிக்கை எழுதி அனுப்பியாயிற்று. 'பராமரிப்பின்போது அளவுக்கு மீறி நீர் சேர்க்கப்பட்டதால் அமிலம் நீர்த்து, பேட்டரிகள் செயலிழந்துள்ளன.' ஒரே பக்கம்.

அனுப்புவதற்குமுன் தெய்வசிகாமணி அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நம்ம பொட்டில ஏதாச்சும் கோளாறுங்களா?" இல்லீங்க என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை, எழுதச் சொல்லவும் இல்லை.

யசோதாவிடம் சாப்பிடும்போது சொன்னேன். சிரிஞ்சால் அளந்து ஊற்றுகிறவள் எப்படி அதிகமாக ஊற்றுவாள் என்று கேட்டாள். உனக்குப் பேட்டரி பற்றி என்ன தெரியும் என்று கத்திவிட்டேன். ரசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மாமனார் வீடு. கரும்பு சரியில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

செயலாளர் நன்றி சொல்லப் பேசினார். நன்றியாம்!

போன புதன்கிழமை ஊசி போட வந்த தாய்மார் கூட்டத்தில் என் அறிக்கையை உரக்கப் படித்திருக்கிறார். மருந்து ஏன் வீணாயிற்று என்று ஊருக்குத் தெரிய வேண்டுமல்லவா என்கிறார். தவமணி இனி ஃப்ரிட்ஜைத் தொடக்கூடாது, பயிற்சி முடிகிறவரை ஊசியும் போடக்கூடாது என்று உத்தரவாம். மாதத்துக்கு ஒரு தடவை கீழேயிருந்து வேறொரு நர்ஸ் வந்து போட்டுவிட்டுப் போவாராம். அதுவரை தவமணி சீட்டு எழுதிக் கொடுக்கலாம், தரையைக் கூட்டலாம்.

நான் பேட்டரியைப் பற்றித்தான் எழுதினேன். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஜனவரி 24, சனி

மத்தியானத்தோடு எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு பெட்டியை எடுத்து, மூடியைப் போட்டு, நான்கு ஸ்குரூவையும் இறுக்கி ஓடவிட்டேன். கிளிப்புகளை வயர் நுழையும் துளை வழியாகவே விட்டேன். பத்து நிமிட வேலை. ஜூன் மாதம் இதைச் செய்ய எனக்குக் கை வலித்திருக்கிறது.

அறை 28 டிகிரி. ஒரு மணி நேரத்தில் போர்டு சென்சார் 48.

பெட்டி தன் சொந்தச் சூட்டைத்தான் அளக்கிறது. அதைப் பேட்டரியின் சூடு என்று நம்பிவிடுகிறது. மலையில் பேட்டரி 16 டிகிரியில் விறைத்துக் கிடக்க, பெட்டிக்குள் 36. 'ஐயோ, பேட்டரி சுடுகிறது' என்று ஊட்டுவதைக் குறைத்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் கிட்டத்தட்ட அரை வோல்ட் குறைவு. நாலு மாதமாகத் தினமும் அரை வயிற்றோடு இலையிலிருந்து எழுப்பிவிட்டிருக்கிறேன். பேட்டரி சாகாமல் என்ன செய்யும்? கீழே நம் ஊர்ச் சூட்டில் பேட்டரிகள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்த 140 இடத்திலும் அவை மெதுவாகச் செத்துக்கொண்டுதான் இருக்கும்.

இதை இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

ஜனவரி 26, திங்கள்

மேலே கடைசியாக எழுதியிருக்கும் வரி பொய். என் டைரியிலேயே பொய் எழுதுகிறேன் என்றால் என்னை எதில் சேர்ப்பது? ஒன்பதாம் தேதி பெட்டி மேல் கை வைத்தபோதே தெரிந்துவிட்டது. வெயில் விழாத அறையில், அந்தக் குளிரில், பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. சுலோச்சனா சொன்னது அந்த நொடியே காதில் வந்து நின்றது. அதற்கு அப்புறம்தான் தண்ணீர் என்று சொன்னேன்.

ஜனவரி 27, செவ்வாய்

மூடி போட்ட பெட்டி மேஜைமேல் ஓடிக்கொண்டிருப்பதை சுலோச்சனா பார்த்தார். ரீடிங்கையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருக்கலாம். நானும் பதிலுக்கு எரிந்து விழுந்திருப்பேன், மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

தவமணி போன் செய்தார். என் நம்பரை டிரைவரிடம் கேட்டு வாங்கினாராம். மன்னிப்புக் கேட்கத்தான் பேசினார். என்னிடம்!

"சார், புது பேட்டரி வர்றதுக்குள்ள எனக்குச் சொல்லிக் குடுத்துருங்க. எத்தன மில்லி ஊத்துனா சரியா இருக்கும்? நான் கத்துக்கிறேனுங்க. இன்னொரு தடவை இப்பிடி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதும் வந்தது. ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். பேட்டரிக்குத் தண்ணீர் அளந்து ஊற்றத் தெரியாதவள் குழந்தைக்கு மருந்தை எப்படி அளந்து போட்டாளோ என்று. போன வாரம் கீழேயிருந்து நர்ஸ் வந்தபோது ஒன்பது குழந்தைகள்தான் வந்தனவாம். வழக்கமாக முப்பது வரும். இதுவரை தவமணியிடம் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தால்கூட, அப்போதே ஏதோ தப்பாகப் போட்டுவிட்டாள் என்று வாசலில் வந்து நிற்கிறார்களாம். பன்னிரண்டு வருடமாக அந்த மலையில் பாதிப் பிள்ளைகளுக்கு ஊசி போட்ட கை.

சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். "கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாகிடும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. இவ்வளவு அசிங்கமாக என்னை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சென்சார், மூடி, கை வைத்தது, அறிக்கை. வேலையை விட்டு அனுப்பினாலும் சரி என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வேலைன்னா தப்பு வரத்தானுங் செய்யும் தம்பி. புது மாடல்னு சொல்லி எல்லாத்தையும் சத்தமில்லாம மாத்திப்போடலாம். மலைக்கு பேட்டரியும் நாமளே குடுத்துருவோம். எழுதிக் குடுக்கறதெல்லாம் எதுக்குங்?"

அந்த நர்ஸ் என்று ஆரம்பித்தேன். கரண்ட் நிற்காமல் வந்தால் ஜனங்கள் தானாக மறந்துவிடுவார்கள் என்றார். டீ வரவழைத்தார். நான் டீயைக் குடித்தேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது போல இருந்தது. அப்படி இருந்ததை நினைத்தால் இப்போது கூசுகிறது.

பிப்ரவரி 14, சனி

வயர் வைத்த சென்சாருக்கே திரும்பிவிட்டோம். வயரை எலி கடிக்காத இரும்புக் குழாய்க்குள் விட்டிருக்கிறேன். நுனியைப் பேட்டரியின் முனையோடு சேர்த்து போல்ட் போட்டால்தான் பெட்டி ஓடவே ஆரம்பிக்கும். ஃபிட்டர் வெட்டிப் போட்டுவிட்டு வர முடியாது. சோதனை நாலு நாள், மூடி போட்டு. ரீடிங் எடுக்க சுலோச்சனாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். ஜூன் மாதம் நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். "ஆமாங்க" என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மறுபடி மலை. புதுப் பேட்டரி, புதுப் பெட்டி. ஃபிட்டர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தவமணியிடம் சொன்னேன். தப்பு பெட்டியில், அதைச் செய்தவன் நான், அன்றைக்கே எனக்குத் தெரியும். சொல்லி முடித்ததும் அழுவார், அல்லது திட்டுவார், அல்லது பரவாயில்லை சார் என்பார் என்று எதிர்பார்த்தேன். கடைசியாகச் சொன்னதைத்தான் அதிகம் எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால்.

அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"ஒரு மாசமா நானே என்னைச் சந்தேகப்பட்டுக்கிட்டு கெடந்தேன் சார். பன்னெண்டு வருசத்துல யாருக்காச்சும் அளவு மாத்திப் போட்டுட்டனோன்னு பழைய ரிஜிஸ்டரை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். இப்ப எங்கிட்ட மட்டும் வந்து சொல்றீங்க. என்னைப் பத்தி அங்க கூட்டத்துலதானே படிச்சாங்க?"

நான் தலையை ஆட்டினேன்.

"அடுத்த புதன்கிழமை ஊசி போடற நாள். வாங்க. அங்க சொல்லுங்க."

பிப்ரவரி 19, வியாழன்

கடிதம் எழுதினேன். பழைய அறிக்கை பொய் என்று முதல் வரியிலேயே போட்டேன். முதலாளி படித்துப் பார்த்தார். தடுக்கவில்லை. 140 பேருக்கும் இதே மாதிரி எழுத வேண்டி வருமே என்றார். எழுத வேண்டும் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

யசோதாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். புதன்கிழமைக்கு இட்லி கட்டித் தரவா என்று கேட்டாள்.

பிப்ரவரி 25, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்பது பெண்கள் இருந்திருப்பார்கள். மடியிலும் இடுப்பிலும் குழந்தைகள். கோவையிலிருந்து பெட்டிக்காரர் வருகிறார் என்று செயலாளர் சொல்லி வைத்திருந்ததால் கூட்டம். என் கடிதத்தைத் தானே படித்துவிடுவதாகச் சொன்னார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். தவமணி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

வரும் வழியெல்லாம் வண்டியில் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. இப்படித்தான் பேசினேன்.

"நான்தாங்க இந்தப் பெட்டியைச் செஞ்சவன். பேட்டரி குளுருல கெடந்துச்சு. என் பெட்டி தன்னோட சூட்டைப் பார்த்துட்டு, பேட்டரி சுடுதுன்னு நெனச்சுக்கிட்டு, தெனமும் அரைகுறையா ஊட்டிச்சு. அதனாலதான் செத்துப்போச்சு. நர்சம்மா ஊத்துன தண்ணி சரியான அளவு. ஒரு சொட்டு கூடவும் இல்லை, கொறையவும் இல்லை. அது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் என் தப்பை அவங்க மேல எழுதிட்டேன்."

ஒரு குழந்தை வீறிட்டது, அதன் தாய் தோளில் போட்டுத் தட்டினாள். செயலாளர் தொண்டையைச் செருமிவிட்டு, தவமணி மேல் எந்தத் தவறும் இல்லை, இன்று முதல் அவரே ஊசி போடுவார் என்று அறிவித்தார். சில பெண்கள் திரும்பித் தவமணியைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு கிழவி எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முடிந்தது என்று நினைத்து நான் செருப்பைத் தேடினேன். அப்போது தூண் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், உட்கார்ந்தபடியே கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தப்பே பண்ணாத நர்சம்மா கையிலிருந்து ஊசிய வாங்கிட்டாங்க. தப்பு பண்ணுன உங்க கையிலிருந்து என்னத்த வாங்குனாங்க?"

போண்டாவிலிருந்து டீ வரை எனக்குக் கிடைத்ததெல்லாம் வரிசையாக மனதில் ஓடியது. என்னிடமிருந்து யாரும் வாங்கியது எதுவும் அதில் இல்லை.

"ஒண்ணும் வாங்கலீங்க" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தவமணியிடம் போனாள்.